ஒழுகும் ஆயில்: நாமே சரி செய்யலாமா?

எஞ்சினுக்கு ஆயில் எதற்கு?

லாரி ஓடுவதற்கு டீசல் வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் டீசல் மட்டும் போதாது. எஞ்சினுக்கு ஆயிலும் வேண்டும்.

எஞ்சினுக்குள் பல இரும்புப் பாகங்கள் வேகமாகச் சுற்றுகின்றன. மேலும் கீழும் ஓடுகின்றன. இரும்போடு இரும்பு உரசினால் தேய்ந்துவிடும். சூடேறி ஒட்டிக்கொள்ளும். ஆயில் இரண்டுக்கும் நடுவே மெல்லிய படலம் போல் நிற்கிறது. உரசலைக் குறைக்கிறது. சூட்டைத் தணிக்கிறது. உள்ளே சேரும் கரியையும் அழுக்கையும் தன்னோடு இழுத்துக்கொள்கிறது.

டீசல் தீர்ந்தால் வண்டி நின்றுவிடும். டீசல் ஊற்றி மறுபடி கிளப்பலாம். ஆயில் தீர்ந்தால் அப்படி இல்லை. சில நிமிடங்களில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பேரிங் போகும். கிராங்க் போகும். பிறகு எஞ்சினையே பிரிக்க வேண்டும். ஒரு லாரியை நம்பி வாழும் குடும்பத்துக்கு அது பெரிய அடி. வண்டி நிற்கும். தவணை நிற்காது.

ஆகவே வண்டிக்கு அடியில் ஆயில் சொட்டினால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. அதற்காகப் பயந்து ஓடவும் வேண்டாம். பார்க்க வேண்டும். யோசிக்க வேண்டும். பிறகு முடிவு எடுக்க வேண்டும்.

கீழே சொட்டுவது எது?

வண்டிக்கு அடியில் ஈரம் தெரிந்தால் அது எஞ்சின் ஆயில் என்றே முடிவு செய்துவிடக் கூடாது. லாரியில் பல நீர்மங்கள் இருக்கின்றன. ஒரு வெள்ளை அட்டையை அடியில் வைத்தால் நிறம் நன்றாகத் தெரியும்.

கருப்பாக, வழவழப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில். டீசல் எஞ்சினில் புது ஆயிலும் சீக்கிரமே கருத்துவிடும்.

மிகவும் கெட்டியாக, காரமான நாற்றத்தோடு இருந்தால் கியர் ஆயில். இது கியர்பாக்ஸிலிருந்தோ பின் அச்சிலிருந்தோ வரும்.

பச்சையாக அல்லது சிவப்பாக, தண்ணீர் போல் இருந்தால் ரேடியேட்டர் கூலன்ட். இது விஷம். நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது.

தண்ணீர் போல் மெல்லியதாக, டீசல் வாடையோடு இருந்தால் டீசல்.

காய்ந்ததும் வெள்ளை உப்பு போல் படிந்தால் அது யூரியா கரைசல். இது புதிய வண்டிகளில் இருக்கும்.

சக்கரத்தின் உட்பக்கம் ஆயிலோ கிரீஸோ வழிந்தால் அது மிகவும் ஆபத்து. அது பிரேக் லைனரில் பட்டால் பிரேக் சரியாகப் பிடிக்காது. சேலத்துக்கும் தருமபுரிக்கும் நடுவே தொப்பூர் கணவாய் இருக்கிறது. அது போன்ற இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் என்ன ஆகும்? ஓட்டுநர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

காமாரெட்டி அருகே ஒரு காலை

ஓர் ஓட்டுநரின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பெயர் மாரிமுத்து. சேலத்துக்காரர். சொந்தமாக ஒரு பழைய லாரி வைத்திருக்கிறார். கடனில் வாங்கிய லாரி. மாதம் தவறாமல் தவணை கட்ட வேண்டும்.

சேலத்தில் ஜவ்வரிசி மூட்டைகள் ஏற்றினார். நாகபுரியில் இறக்க வேண்டும். பெங்களூர், கர்னூல், ஐதராபாத் வழியாக 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பயணம். உடன் கிளீனர் கதிர் வந்தான்.

ஐதராபாத்தைத் தாண்டி காமாரெட்டி அருகே ஒரு தாபாவில் வண்டியை நிறுத்தினார்கள். இரவு முழுவதும் ஓட்டிய களைப்பு. இரண்டு பேரும் தூங்கினார்கள். விடிந்ததும் கதிர் வண்டியைச் சுற்றி வந்தான். அடியில் எட்டிப் பார்த்தான். சத்தம் போட்டான்.

“அண்ணா, ஆயில் ஒழுகிக் கிடக்குதுங்க! தட்டு அகலத்துக்குக் கிடக்குது.”

மாரிமுத்து குனிந்து பார்த்தார். ஆயில் சம்பின் அடியில் கருப்பாகச் சொட்டு தொங்கியது.

“டிரெயின் பிளக்குதான் லூசுங்க அண்ணா. நீள ஸ்பானர் போட்டு ஒரு அழுத்து அழுத்திடறேன். அஞ்சு நிமிஷ வேலை. கிளம்பிடலாம்” என்றான் கதிர்.

பக்கத்து வண்டி ஓட்டுநர் ஒருவர் டீ குடித்துக்கொண்டே வந்தார். அவரும் தமிழ்நாட்டுக்காரர். அடியில் பார்த்தார். தலையை ஆட்டினார்.

“பிளக்கு இல்லைங்க. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல பாருங்க, நனைஞ்சு கிடக்குது. கிராங்கோட பின்பக்க ஆயில் சீல் போயிருக்கும். கியர்பாக்ஸை இறக்கியாகணும். ரெண்டு நாள் ஆகும்” என்றார்.

ஒருவர் ஐந்து நிமிட வேலை என்றார். மற்றவர் இரண்டு நாள் வேலை என்றார். யார் சொல்வது சரி?

மாரிமுத்துவுக்கு மனதில் கணக்கு ஓடியது. நாகபுரிக்கு இன்னும் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். சரக்கு நாளை இறங்க வேண்டும். வாடகை வந்தால்தான் தவணை. கியர்பாக்ஸை இறக்கினால் வாடகை முழுவதும் அதற்கே போய்விடும்.

ஆனாலும் அவர் அவசரப்படவில்லை. “முதல்ல பார்ப்போம். அப்புறம் பேசுவோம்” என்றார்.

முதலில் அளவு

எஞ்சின் ஆறியிருந்தது. வண்டி சமதரையில் நின்றது. ஆயில் அளவு பார்க்க இந்த இரண்டும் முக்கியம். சாய்வில் நின்றால் அளவு தவறாகக் காட்டும். எஞ்சினை நிறுத்தியவுடன் பார்த்தாலும் தவறாகக் காட்டும். மேலே உள்ள ஆயில் கீழே இறங்கச் சில நிமிடங்கள் ஆகும்.

மாரிமுத்து டிப்ஸ்டிக்கை உருவினார். துணியால் துடைத்தார். மறுபடி முழுவதும் செருகி எடுத்தார். டிப்ஸ்டிக்கில் இரண்டு கோடுகள் இருக்கும். ஆயில் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. கீழ் கோட்டுக்குக் கீழே போகவே கூடாது.

ஆயில் சரியாக நடுவில் நின்றது.

மாரிமுத்துவிடம் ஒரு சிறிய நோட்டு இருந்தது. அவர் பள்ளிக்குப் போகாதவர். பெரியவரான பிறகே எழுதப் படிக்கக் கற்றார். கற்ற நாள் முதல் வண்டிக்கு ஒரு நோட்டு போட்டு எழுதி வருகிறார். அதைப் பிரித்தார். சேலத்தில் கிளம்பும்போது எழுதியது இருந்தது: “ஆயில் மேல் கோடு.” கிலோமீட்டர் எண்ணும் எழுதியிருந்தது.

அன்று முதல் வண்டி ஓடியது 900 கிலோமீட்டர். இரண்டு கோடுகளுக்கும் நடுவே 4 லிட்டர் பிடிக்கும் என்று அவர் வண்டியின் கையேட்டில் இருந்தது. அப்படியானால் பாதி இறங்கியது 2 லிட்டர்.

900 கிலோமீட்டருக்கு 2 லிட்டர். அதாவது 450 கிலோமீட்டருக்கு 1 லிட்டர்.

இந்தக் கணக்கு அவருக்குத் தைரியம் தந்தது. ஆயில் போகிறது, ஆனால் கொட்டவில்லை. நின்று நிதானமாகப் பார்க்க நேரம் இருக்கிறது.

அவர் டிப்ஸ்டிக்கில் ஒட்டிய ஆயிலையும் கவனித்தார். ஆயில் பால் கலந்த காபி போல் இருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயில் அளவு கூடி, டீசல் வாடை அடித்தால் டீசல் கலந்திருக்கிறது. இரண்டிலும் வண்டியைக் கிளப்பக் கூடாது. மாரிமுத்துவின் ஆயில் கருப்பாகவே இருந்தது. டீசல் வாடை இல்லை.

ஒழுகும் இடத்தைத் தேடுதல்

ஆயில் சொட்டும் இடம் வேறு. ஒழுகும் இடம் வேறு. இதை நன்றாக நினைவில் வைக்க வேண்டும்.

ஆயில் எப்போதும் மேலிருந்து கீழே வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். ஆகவே ஈரம் தெரியும் இடத்துக்கு மேலேயும் முன்னேயும் தேட வேண்டும். கூரை ஓட்டில் ஓட்டை ஓரிடம். வீட்டுக்குள் சொட்டுவது வேறிடம். அது போலத்தான் இதுவும்.

மாரிமுத்து சக்கரங்களுக்குக் கட்டை போடச் சொன்னார். கைப்பிரேக்கைப் போட்டார். சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். யாராவது தெரியாமல் வண்டியைக் கிளப்பிவிடக் கூடாது அல்லவா?

பிறகு இருவரும் எஞ்சினின் வெளிப்பக்கத்தைத் துணியால் நன்றாகத் துடைத்தார்கள். பழைய அழுக்கு இருக்கும்வரை புது ஈரம் தெரியாது. சம்பு, டிரெயின் பிளக், ஆயில் பில்டர், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடம் என்று எல்லாவற்றையும் துடைத்தார்கள். கேபினுக்குள் இருக்கும் எஞ்சின் மூடியைத் தூக்கி மேல் பக்கத்தையும் துடைத்தார்கள்.

கதிர் தன் பையிலிருந்து முகப்பவுடர் டப்பாவை எடுத்தான். துடைத்த இடங்களில் பவுடரைத் தூவினார்கள். பவுடர் இருக்கும் இடத்தில் ஆயில் வந்தால் உடனே கருப்பாகத் தெரியும்.

“இப்ப ஸ்டார்ட் பண்றேன். நீ தள்ளி நின்னு டார்ச் அடிச்சுப் பாரு. பெல்ட் பக்கமோ பேன் பக்கமோ கையைக் கொண்டு போகாதே. வண்டிக்கு அடியிலயும் போகாதே” என்றார் மாரிமுத்து.

எஞ்சின் பத்து நிமிடம் மெதுவாக ஓடியது. பிறகு நிறுத்தினார்.

டிரெயின் பிளக் காய்ந்தே இருந்தது. அதன் மேல் இருந்த பவுடர் வெள்ளையாகவே இருந்தது. ஆனால் எஞ்சினின் உச்சியில், டேப்பட் கவரின் பின் மூலையில், பவுடர் கருத்திருந்தது. அங்கிருந்து ஒரு மெல்லிய கோடு எஞ்சினின் பின்பக்கமாகக் கீழே இறங்கியது. அந்தக் கோடு எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடம்வரை வந்தது. அங்கிருந்து சம்பின் ஓரமாக ஓடி, கடைசியில் பிளக்கின் அருகே சொட்டியிருக்கிறது.

கதிர் சொன்னதும் சரியில்லை. பக்கத்து வண்டிக்காரர் சொன்னதும் சரியில்லை. இருவரும் ஈரத்தைப் பார்த்தார்கள். ஈரம் புறப்பட்ட இடத்தைப் பார்க்கவில்லை.

கதிர் நீள ஸ்பானர் போட்டு அழுத்தியிருந்தால் பிளக்கின் மரை அறுந்திருக்கலாம். பிறகு பிளக் நிற்காது. ஆயில் முழுவதும் நடுரோட்டில் கொட்டியிருக்கும். கியர்பாக்ஸை இறக்கியிருந்தால் இரண்டு நாளும் பணமும் போயிருக்கும். ஒழுகல் மட்டும் அப்படியே இருந்திருக்கும்.

ஐந்து கேள்விகள்

இடம் தெரிந்துவிட்டது. இப்போதுதான் உண்மையான கேள்வி வருகிறது. நாமே சரி செய்யலாமா? இதற்கு ஐந்து கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

1. ஒழுகும் இடம் கண்ணுக்குத் தெரிகிறதா? கைக்கு எட்டுகிறதா?
2. இந்த வேலையை முன்பு செய்த பழக்கம் உண்டா? அல்லது தெரிந்தவர் செய்ததைக் கவனித்துப் பார்த்தது உண்டா?
3. சரியான கருவியும் புதுப் பாகமும் கையில் இருக்கின்றனவா?
4. தொடங்கிய வேலையை இங்கேயே முடிக்க முடியுமா?
5. தவறு நடந்தால் என்ன போகும்? ஒரு வாஷர் போகுமா, எஞ்சின் போகுமா, உயிர் போகுமா?

ஐந்தாவது கேள்விதான் மிகவும் முக்கியம். திறமை உள்ளவர்கள்கூட அதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

வண்டி சொந்த வண்டியாக இல்லாவிட்டால் ஆறாவது கேள்வியும் உண்டு. உரிமையாளரிடம் சொல்லியாயிற்றா? ஓட்டுநர் நல்ல எண்ணத்தோடு கை வைத்திருப்பார். ஆனால் பின்னால் பழுது வந்தால் பழி அவர் மேல் விழும். முதலில் போனில் சொல்லிவிட வேண்டும். புது வண்டியாக இருந்து வாரண்டி முடியவில்லை என்றால், கம்பெனி சர்வீஸில்தான் காட்ட வேண்டும். நாமே பிரித்தால் வாரண்டி கிடைக்காமல் போகலாம்.

மாரிமுத்து எடுத்த முடிவு

மாரிமுத்து கேள்விகளை ஒவ்வொன்றாக யோசித்தார்.

இடம் கைக்கு எட்டுகிறது. கேபினுக்குள் உட்கார்ந்தே வேலை செய்யலாம். டேப்பட் கவரைக் கழற்றி மாட்டியதை அவர் இரண்டு முறை பட்டறையில் கூடவே நின்று பார்த்திருக்கிறார். ஸ்பானர் இருக்கிறது. ஆனால் புதுப் பேக்கிங் இல்லை.

“கவரைக் கழட்டிப் பார்த்துடலாமா அண்ணா?” என்று கேட்டான் கதிர்.

“வேண்டாம்டா. பழைய பேக்கிங் காய்ஞ்சு போயிருக்கும். கழட்டினா கிழிஞ்சிடும். அப்புறம் இங்கேயே மாட்டிக்குவோம். முடிக்க முடியாத வேலையைத் தொடங்கக் கூடாது” என்றார்.

கவரின் போல்ட்டுகளை விரலால் தொட்டுப் பார்த்தார். பின் மூலையில் இரண்டு போல்ட்டுகள் தளர்ந்திருந்தன. சிறிய ஸ்பானரால் அவற்றை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். மற்ற போல்ட்டுகள் இருக்கும் அளவுக்கு இறுகியதும் நிறுத்திக்கொண்டார். ஒரே போல்ட்டை ஒரேயடியாக இறுக்கினால் கவர் வளையும். ஒழுகல் கூடும்.

அடுத்து ஒன்றைப் பார்த்தார். ஒழுகும் ஆயில் சூடான சைலன்சர் குழாயில் படுகிறதா? பட்டால் தீப்பிடிக்கும். அவர் வண்டியில் சைலன்சர் குழாய் மறுபக்கம் இருந்தது. அதன் மேல் ஈரம் இல்லை.

மேல் கோடுவரை 2 லிட்டர் ஆயில் ஊற்றினார். காமாரெட்டியில் இன்னும் 5 லிட்டர் கேன் ஒன்று வாங்கினார். கேனில் எழுதியிருந்ததைப் படித்தார். கையேட்டில் சொன்ன 15டபிள்யூ-40 என்ற ரகம்தானா என்று சரிபார்த்தார்.

பிறகு கணக்குப் போட்டார். பழைய வேகத்திலேயே ஒழுகினாலும் 400 கிலோமீட்டருக்கு 1 லிட்டர்கூட ஆகாது. மேல் கோட்டிலிருந்து கீழ் கோடுவரை 4 லிட்டர் இருக்கிறது. போகலாம். ஆனால் ஒழுகல் கூடலாம். ஆகவே 100 கிலோமீட்டருக்கு ஒரு முறை நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆயில் பிரஷர் முள்ளின் மேல் ஒரு கண் இருக்க வேண்டும்.

அப்படியே செய்தார்கள். ஒவ்வொரு முறையும் கதிர் நோட்டில் எழுதினான். நாகபுரி போய்ச் சேர்ந்தபோது ஆயில் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது.

சரக்கு இறங்க வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் மாரிமுத்து கடைக்குப் போய் வண்டி மாடலைச் சொல்லிப் புதுப் பேக்கிங் வாங்கினார். எஞ்சின் நன்றாக ஆறியதும் கவரைக் கழற்றினார். பழைய பேக்கிங் துண்டு ஒன்றுகூட எஞ்சினுக்குள் விழாமல் துணி வைத்து மூடிச் சுரண்டினார். புதியதை மாட்டினார். நடுவிலிருந்து ஓரமாகப் போல்ட்டுகளைச் சமமாக முடுக்கினார்.

அதோடு பிரீதர் குழாயையும் பார்த்தார். அதுதான் எஞ்சினின் மூச்சுக்குழாய். உள்ளே சேரும் புகைக்காற்று அதன் வழியாக வெளியே போகும். அதில் ஆயில் கசடு கெட்டியாக அடைத்திருந்தது. மூச்சு அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் ஆயில் கிடைத்த சந்தில் எல்லாம் வெளியே வரும். அதையும் சுத்தம் செய்தார். இதைச் செய்யாமல் விட்டிருந்தால் புதுப் பேக்கிங்கும் சீக்கிரம் ஒழுகியிருக்கும்.

சில மாதங்கள் கழித்து அதே வண்டியில் மறுபடி ஆயில் சொட்டியது. மாரிமுத்து மறுபடி துடைத்தார். பவுடர் தூவினார். இந்த முறை மேலே எல்லாம் காய்ந்திருந்தது. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் மட்டும் ஈரம். கிளட்ச்சும் வழுக்கியது. இப்போது உண்மையாகவே பின்பக்க ஆயில் சீல் போயிருந்தது. கியர்பாக்ஸின் எடை நூறு கிலோவுக்கு மேல். அதை இறக்கச் சரியான ஜாக்கியும் ஆட்களும் வேண்டும்.

“இது நம்ம வேலை இல்லை. பட்டறைக்கு விடுவோம்” என்றார். கதிர் இந்த முறை ஸ்பானரைத் தேடவில்லை.

வண்டி ஒன்றுதான். ஆள் ஒருவர்தான். ஒரு முறை தானே செய்தார். ஒரு முறை பட்டறைக்கு விட்டார். இரண்டும் சரியான முடிவு.

நாமே செய்யக்கூடியவை

ஆயில் மாற்றும்போது டிரெயின் பிளக்குக்குப் புது வாஷர் போடுவது.

ஆயில் பில்டர் மாற்றுவது. இதில் ஒரு கவனம் வேண்டும். பழைய பில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டி நின்றுவிடும். அதை எடுக்காமல் புதியதை மாட்டினால் இரண்டு வளையம் ஆகிவிடும். அழுத்தம் வந்ததும் ஆயில் பீய்ச்சி அடிக்கும். புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவிக் கையால் முடுக்க வேண்டும். எவ்வளவு முடுக்குவது என்று பில்டரின் மேலேயே எழுதியிருக்கும். படித்துப் பார்க்க வேண்டும்.

கைக்கு எட்டும் டேப்பட் கவர் பேக்கிங் மாற்றுவது. இது பழைய வகை எஞ்சின்களுக்கு மட்டும்.

பட்டறைக்கு விட வேண்டியவை

கிராங்க்கின் முன், பின் ஆயில் சீல்கள். டர்போவின் ஆயில் குழாய்கள். ஆயில் கூலர். ஹெட் பேக்கிங். சக்கரத்தின் உட்பக்கம் ஒழுகுவது. பிரீதரில் புகை அதிகமாக வந்து, பல இடங்களில் ஆயில் கசிவது. கடைசியாகச் சொன்னது பிஸ்டன் ரிங் தேய்ந்ததன் அடையாளமாக இருக்கலாம்.

2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ். 6 வகை லாரிகளில் டீசல் மிக அதிக அழுத்தத்தில் போகிறது. அதற்கு முந்தைய பல வண்டிகளிலும் அப்படித்தான். அந்த அழுத்தம் லாரி டயரில் உள்ள காற்றழுத்தத்தைப் போல் நூறு மடங்குக்கும் மேல். அந்தக் குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கையை வைத்துத் தடவிப் பார்க்கவே கூடாது. அப்படி டீசல் உள்ளே போனால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வண்டியை நகர்த்தவே கூடாதவை

ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால் உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். “அடுத்த ஊர் வரைக்கும் போயிடலாம்” என்று நினைக்கக் கூடாது. அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் எஞ்சின் போகிறது.

ஆயில் சொட்டாமல் தாரையாக வழிந்தால் நிறுத்த வேண்டும்.

ஆயிலோ டீசலோ சூடான குழாயில் பட்டால் நிறுத்த வேண்டும்.

பிரேக் லைனரில் ஆயில் பட்டிருந்தால் நிறுத்த வேண்டும்.

இது நம் எஞ்சினுக்காக மட்டும் அல்ல. சாலையில் ஆயில் சிந்தினால் பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரர் வழுக்கி விழுவார்.

கை வைக்கும் முன்

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஜாக்கி நழுவினால் தப்ப முடியாது. தாங்குவதற்கு ஸ்டாண்ட் வேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை வேண்டும்.

எஞ்சின் சூடாக இருக்கும்போது ஆயிலைத் திறக்கக் கூடாது. ரேடியேட்டர் மூடியையும் திறக்கக் கூடாது. கை, முகம் வெந்துவிடும்.

பெட்ரோல் ஊற்றி எஞ்சினைக் கழுவக் கூடாது. பீடி, சிகரெட் அருகில் வேண்டாம்.

பழைய ஆயில் தோலில் தொடர்ந்து பட்டால் தோல் நோய் வரும். புற்றுநோய் ஆபத்தும் உண்டு. கையுறை போடுவது நல்லது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஆயில் துணியைச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது.

பழைய ஆயிலை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டக் கூடாது. கிணற்று நீர் கெடும். 2016ஆம் ஆண்டின் விதிகளின்படி பழைய ஆயில் அபாயகரமான கழிவு. கேனில் சேர்த்து, அதை முறையாக எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கொடுக்க வேண்டும்.

பசை பூசினால் போதுமா?

சிலர் ஒழுகும் இடத்தில் சோப்பு தேய்ப்பார்கள். டீசல் டேங்கில் சிறு விரிசல் என்றால் அது பட்டறை போகும்வரை தாங்கும். எஞ்சின் ஆயிலுக்கு அது உதவாது. ஆயில் ஈரத்தின் மேல் எந்தப் பசையும் ஒட்டாது.

சிலர் பேக்கிங் வைக்கும் இடத்தில் பசையை அள்ளிப் பூசுவார்கள். வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே பிதுங்குவது தெரியாது. அது துண்டு துண்டாக உதிர்ந்து சம்பில் விழும். ஆயிலை உறிஞ்சும் சல்லடையில் போய் அடைக்கும். சம்பு நிறைய ஆயில் இருக்கும். ஆனால் எஞ்சினுக்கு ஆயில் போகாது.

நினைவில் கொள்ளுங்கள்

சொட்டும் இடம் வேறு. ஒழுகும் இடம் வேறு.

முதலில் அளவு. பிறகு இடம். அதன் பிறகே ஸ்பானர்.

முடிக்க முடியாத வேலையைத் தொடங்க வேண்டாம்.

“எனக்குத் தெரியாது, பட்டறைக்குப் போகலாம்” என்று சொல்வது குறைவு அல்ல. அதுவும் ஒரு திறமைதான்.

பயிற்சி

1. மாரிமுத்து டிரெயின் பிளக்கை இறுக்க வேண்டாம் என்று ஏன் முடிவு செய்தார்?

2. காமாரெட்டியில் அவர் டேப்பட் கவரைக் கழற்றாதது ஏன்?

3. ஒரு லாரியில் 600 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் ஆயில் ஒழுகுகிறது. 1 லிட்டர் ஆயில் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,400 கிலோமீட்டர் ஓடினால் எத்தனை லிட்டர் வீணாகும்? எத்தனை ரூபாய் வீணாகும்?

4. கீழே உள்ளது போல் ஒரு நோட்டு போடுங்கள். டிராக்டர், ஆட்டோ, பம்புசெட் எஞ்சின் எதுவானாலும் எழுதலாம்.

தேதி — கிலோமீட்டர் அல்லது ஓடிய மணி — ஆயில் அளவு — ஊற்றிய லிட்டர் — செய்த வேலை

5. கூடிப் பேசுங்கள்: உங்கள் ஊரில் யாராவது தாமே பழுது பார்த்து நன்மை அடைந்தார்களா? யாராவது நட்டப்பட்டார்களா? ஐந்து கேள்விகளில் எதை அவர்கள் கேட்டார்கள்? எதைக் கேட்க மறந்தார்கள்?